சேலையூர் டு சாலமான்கா: சமையலறையில் ஸ்பானிஷ் கற்ற தமிழ் மீடியம் பெண்!

ஸ்பெயினில் மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கு. இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு, சில நாள் பத்துக்கு. ஜூலை மாதத்தில் பத்து மணி நெருங்கும்போதுதான் சூரியனே மறையும். 1940-ல் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஜெர்மனியின் நேரத்தோடு ஒத்துப்போகும்படி நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார். அன்று தள்ளியதை இதுவரை யாரும் பழைய இடத்துக்குக் கொண்டுவரவில்லை.

சேலையூர் கேம்ப் ரோடு பக்கத்தில் காலை ஏழரைக்கு இட்லியும் மதியம் பன்னிரண்டரைக்குச் சோறுமாக வளர்ந்த 26 வயதுப் பெண் ஒருத்திக்கு அங்கே கழிந்த முதல் வாரத்தைப் பற்றிக் கேட்டால், பசிதான் முதலில் ஞாபகம் வருகிறது. பெயரும் தெருவும் வேண்டாம் என்கிறாள். 'அவள்' என்றே இருக்கட்டும்.

அவள் தமிழ் மீடியம். தாம்பரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, பிறகு பி.காம்., அதன்பின் ஓ.எம்.ஆரில் ஒரு நிறுவனத்தில் நைட் ஷிப்ட். மெக்சிகோ, கொலம்பியா வாடிக்கையாளர்களின் பில்களைச் சரிபார்க்கும் வேலை. அவர்களுடைய பகல் நமக்கு ராத்திரி. ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்குச் சம்பளத்தோடு மொழிக்கென்று தனியாக ஒரு தொகை கிடைக்கும். அவள் வீட்டு வாடகையைக் கட்டிவிடலாம், அவ்வளவு வரும்.

ஆனால், அவளுக்குப் பணத்தைத் தாண்டியும் ஒரு கணக்கு இருந்தது. மீட்டிங்கில் அவள் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால், முடிப்பதற்குள் வேறு யாராவது அதை முடித்துவைப்பார்கள். கேலி எல்லாம் கிடையாது, உதவிதான். அந்த உதவி கேலியைவிட மோசமாக இருந்தது. "இங்கிலீஷ்ல நான் எப்பவும் பத்து வருஷம் லேட். ஸ்பானிஷ்னா எல்லாரும் முதல் படியிலதானே நிக்கணும்?" என்று நினைத்துத்தான் வார இறுதி வகுப்பில் சேர்ந்தாள். செல்போன் ஆப்பிலும் ஒரு வருடம் ஓட்டினாள். இரண்டாம் படி வரை வந்தது. அதற்குமேல் நகரவில்லை. படிக்க முடிந்தது, எழுத முடிந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை.

அப்போதுதான் ஸ்பெயினில் ஒரு குடும்பத்தோடு 8 வாரம் தங்கிப் படிக்கும் யோசனை வந்தது. அப்பா இல்லாத வீடு. அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். கையிருப்பு பாதி, மீதிக்கு அம்மாவின் 4 பவுன் வளையல்கள் பேங்க்குக்குப் போயின. "கல்யாணத்துக்கு வெச்சத எடுத்து ஊர் சுத்த அனுப்புறீங்களா அண்ணி?" என்று சித்தப்பா கேட்டார். "ஊர் சுத்த இல்ல. பேசக் கத்துக்கப் போறா" என்றார் அம்மா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. 90 நாளுக்குள் திரும்புவதாக இருந்தால் ஷெங்கன் குறுகிய கால விசா போதும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்கும் இடத்துக்கான கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட், திரும்பி வருவதற்கான டிக்கெட் எல்லாம் கேட்பார்கள். குடும்பத்தை மொழிப்பள்ளியே ஏற்பாடு செய்துகொடுக்கும். பென்ஷனில் வாழும் பல வீடுகளுக்கு இது ஒரு துணை வருமானம். அதனால் விருந்தாளி என்று நினைத்துக்கொண்டு போனாலும் சரிவராது, லாட்ஜ் என்று நினைத்துக்கொண்டு போனாலும் சரிவராது.

சாலமான்கா, மாட்ரிட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். தாம்பரம் மாநகராட்சியின் மக்கள்தொகையில் கால் பங்குகூட வராத ஊர். ஆனால், அங்கிருக்கும் பல்கலைக்கழகம் 1218-ல் தொடங்கியது. ஸ்பானிஷ் மொழிக்கு முதல் இலக்கணப் புத்தகத்தை நெப்ரிஹா என்ற அறிஞர் வெளியிட்டதும் இதே ஊரில்தான், 1492-ல். கொலம்பஸ் கப்பல் ஏறிய அதே வருடம். பல்கலைக்கழகத்தின் பழைய முகப்புச் சிற்பங்களுக்கு நடுவே ஒரு மண்டை ஓட்டின் மேல் குட்டித் தவளை உட்கார்ந்திருக்கும். அதை யார் உதவியும் இல்லாமல் கண்டுபிடித்தால் பரீட்சையில் பாஸ் என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை. அவளுக்கு மூன்று நாள் பிடித்தது.

அவள் தங்கியது ஒரு பழைய அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில். 68 வயது அம்மா ஒருவர், தனியாக. கணவர் இறந்துவிட்டார், மகன் வேறு ஊரில். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார் அவர். இவளுக்கு வாய் வரவில்லை. கடைசி வரை 'செஞோரா'தான். மரியாதையான 'அம்மா' என்று வைத்துக்கொள்ளலாம்.

செஞோராவின் முதல் உத்தரவு, வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்காதே என்பது. நாம் செருப்பை வாசலில் விடுகிறவர்கள். அவர்கள் வாசலில் ஒன்றைக் கழற்றி உள்ளே இன்னொன்றைப் போடுகிறவர்கள். வெறுங்காலோடு தரையில் நின்றால் சளி பிடிக்கும் என்பது அங்கே ஆணித்தரமான வைத்தியம். இரண்டாவது உத்தரவு, குளியல் பத்து நிமிடத்துக்குள். மூன்றாவது, வாஷிங் மெஷின் வாரம் ஒரு தடவை. சாப்பாட்டில் மட்டும் உத்தரவு எதுவும் இல்லை. வெள்ளி, செவ்வாயில் கவுச்சி சாப்பிட மாட்டேன் என்று அவள் தடுமாறிச் சொன்னபோது, செஞோரா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சமைக்காத வீடுதான் அது. 'லென்தேஹாஸ்' என்ற பருப்புக் குழம்பில் வழக்கமாகப் போடும் பன்றி இறைச்சித் துண்டுகளை விட்டுவிட்டுச் செய்துகொடுத்தார். புளி போடாத சாம்பார். 'கஸ்பாச்சோ' என்று ஒன்று, ஃபிரிட்ஜில் வைத்த ரசம் மாதிரி. லவங்கப்பட்டை தூவிய பால் சோறு வந்த அன்று, பாயசம் என்று அவளே பெயர் வைத்துவிட்டாள்.

சாப்பாடு சரியானது. பேச்சு சரியாகவில்லை. சாப்பிட்டு முடித்ததும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் அங்கே. தட்டுகள் அப்படியே இருக்க, முக்கால் மணி நேரமாவது பேச்சு ஓடும். இந்தப் பேச்சுக்கென்றே தனியாக ஒரு சொல் இருக்கிறது: 'சோப்ரேமேசா'. மேல் வீட்டு அம்மாவும் அதில் வந்து சேர்ந்துகொள்வார். அவள் நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள். மனதில் தோன்றுவதைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி, ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றி, வினைச்சொல்லைச் சரிபார்த்து முடிப்பதற்குள் பேச்சு தக்காளி விலையிலிருந்து யாரோ ஒருவருடைய விவாகரத்துக்குப் போயிருக்கும். மறுபடியும் பத்து வருடம் லேட்!

தண்ணீர் வேண்டுமென்றால்கூட, 'தயவுசெய்து எனக்குக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா' என்கிற மாதிரி நீட்டி முழக்குவாள். ஆங்கில வகுப்பு தந்த பழக்கம். "இது என்ன ஹோட்டலா? தண்ணி குடுன்னு கேளு" என்று செஞோரா அதட்டினார். வீட்டுக்குள் 'ப்ளீஸ்' போட்டுப் பேசுவது அங்கேயும் அந்நியமாகத்தான் கேட்கும். சேலையூரில் அம்மாவிடம் எந்தக் காலத்தில் 'தயவுசெய்து' என்றிருக்கிறாள்?

மூன்றாவது வாரம் ஒரு தட்டு உடைந்தது. கழுவும்போது கை வழுக்கி, சமையலறைத் தரையில் நாலு துண்டு. பதறிப்போய், 'நான் தட்டை உடைத்துவிட்டேன்' என்று ஸ்பானிஷில் சொன்னாள். ஆங்கிலத்தில் அப்படித்தானே சொல்வார்கள்? செஞோரா துடைப்பத்தை எடுத்துக்கொண்டே தலையாட்டினார். "உடைச்சேன்னு சொல்லாதே. வேணும்னா உடைச்சே? 'செ மே ஆ காயீதோ'ன்னு சொல்லு." அதாவது, தட்டு தானாக விழுந்துவிட்டது, அது எனக்கு நேர்ந்துவிட்டது.

அவள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. பால் கொட்டிடுச்சு. கை தவறி விழுந்துடுச்சு. எனக்கு மறந்துபோச்சு. இதெல்லாம் அம்மா பேசுவது!

அன்று இரவு ஒரு பட்டியல் போட்டாள். 'மே குஸ்தா' என்பதைச் சென்னை வகுப்பில் ஆங்கிலத்தின் 'ஐ லைக்' என்று மனப்பாடம் செய்திருந்தாள். உண்மையில் அதில் 'நான்' இல்லை, 'எனக்கு'தான் இருக்கிறது: எனக்குப் பிடிக்கும். 'மே துவேலே', எனக்கு வலிக்குது. 'மே பாரேஃதே', எனக்குத் தோணுது. 'மே தா பெர்குவென்ஃதா', எனக்கு வெட்கமா இருக்கு. ஆங்கிலத்தில் 'நான்' நிற்கிற இத்தனை இடத்தில் ஸ்பானிஷ் 'எனக்கு' என்கிறது. தமிழும் அதையேதான் சொல்கிறது. எல்லா வாக்கியமும் இப்படிப் பொருந்தாது; பசிக்கு அவர்கள் 'பசி வைத்திருக்கிறேன்' என்பார்கள். ஆனால், வகுப்பில் ஆங்கிலம் பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட பாடம் அவளுக்கு ஒரே ராத்திரியில் முடிந்தது.

ஸ்பானிஷ் படிப்பவர்கள் எல்லாரும் பயப்படுவது 'இரு' என்பதற்கு அங்கே இரண்டு வினைச்சொல் உண்டு என்பதற்காக. ஒன்று, ஒருவர் யார், எப்படிப்பட்டவர் என்று சொல்ல. இன்னொன்று, எங்கே, என்ன நிலையில் இருக்கிறார் என்று சொல்ல. தமிழில் 'நான் தாம்பரம்' என்று வினையே இல்லாமல் சொல்கிறோம். 'நான் சாலமான்காவுல இருக்கேன்' என்றால் வினை வந்துவிடுகிறது. 'அவ நல்லவ' வேறு, 'அவ நல்லா இருக்கா' வேறு. முக்கால்வாசி இடங்களில் இந்தக் கணக்கு அவளுக்கு உதவியது. மீதிக்கு செஞோராவின் அதட்டல்.

நீ, நீங்கள் விவகாரமும் அங்கே உண்டு. தன்னை 'நீ' என்று கூப்பிடச் சொல்லி செஞோரா முதல் நாளிலிருந்தே வற்புறுத்திக்கொண்டிருந்தார். 68 வயதுக்காரரை எப்படி? பிறகு ஒருநாள் உறைத்தது. அப்பாவைத்தான் 'நீங்க' என்று கூப்பிட்டிருக்கிறாள். அம்மாவை என்றைக்கும் 'நீ'தானே!

அவளிடம் ஒரு நீல நிற நோட்டு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படித்து, டீச்சர் பார்க்கும்போது கையால் மறைத்தவள் அவள். சாலமான்காவில் அந்தப் பழக்கத்தைத் திரும்ப எடுத்தாள், இந்த முறை மறைக்காமல். தமிழின் குறில் உயிர் ஐந்தும் ஸ்பானிஷின் உயிரொலி ஐந்துக்குக் கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். மேலே அலை போட்ட 'ன' எழுத்து அவர்களுக்குத் தனி அடையாளம். நமக்கு அது சாதாரண 'ஞ'. 'செஞோரா'வில் வருவதும் அதுதான். 'பெரோ' என்றால் 'ஆனால்'. அதே 'ர'வை நாக்கு நடுங்க அழுத்திச் சொன்னால் 'நாய்'. நோட்டில் இரண்டாவதை 'பெறோ' என்று வல்லின 'ற' போட்டு வைத்திருக்கிறாள். நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லையே என்று யோசித்து, யாரும் சீண்டாத ஆய்த எழுத்துக்கு வேலை கொடுத்தாள். மேலே வந்த 'பெர்குவென்ஃதா' அப்படி எழுதியதுதான். வகுப்பு ஆசிரியை அந்த நோட்டை போட்டோ எடுத்துக்கொண்டார்.

வீட்டுப் பொருள்கள் இன்னொரு ஆச்சரியம். செஞோரா வீட்டு மேசை, 'மேசா'. அலமாரி, 'அர்மாரியோ'. கொத்தனார் வேலைக்கு நாம் கூப்பிடும் மேஸ்திரி, அங்கே ஆசிரியரைக் குறிக்கும் 'மாயெஸ்த்ரோ'வின் சொந்தக்காரர். ரொட்டி, 'பான்', இலங்கைத் தமிழர்கள் பாண் என்பார்கள். வீட்டுக்குள் போடும் அந்தச் செருப்பு 'சபாத்தியா'வைப் பார்த்தால் இலங்கையின் சப்பாத்து ஞாபகம் வரும். இவையெல்லாம் ஸ்பானிஷிலிருந்து வந்தவை அல்ல, அதன் உடன்பிறப்பான போர்ச்சுக்கீசியம் நம் கரையில் இறக்கிவிட்டுப் போனவை. அப்படி வந்தவர்களில் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியாரும் ஒருவர். முத்துக்குளித்துறை மக்களோடு வாழ்ந்து தமிழ் கற்றவர். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழில் தந்த புத்தகம். இன்றைக்கும் மதுரையில் அமெரிக்க இந்தியவியல் ஆய்வு நிறுவனத்தின் தமிழ் வகுப்புக்கு வரும் வெளிநாட்டு மாணவர்கள் உள்ளூர்க் குடும்பங்களோடுதான் தங்குகிறார்கள். அங்கேயும் ஏதோ ஒரு சமையலறையில் 'உடைச்சுட்டேன்', 'உடைஞ்சுடுச்சு' பாடம் நடந்துகொண்டிருக்கும்.

ஐந்தாவது வாரம், இரவுச் சாப்பாட்டின் நடுவில் போன் அடித்தது. சேலையூரில் அப்போது மணி ஒன்றே கால். பக்கத்து வீட்டு அக்கா. அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார், எழுந்து நிற்க முடியவில்லை, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம், "நீ பயப்படாத பாப்பா." லைன் துண்டாகிவிட்டது.

"கே தே பாசா?" என்றார் செஞோரா. உனக்கு என்ன ஆச்சு?

அவள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. அம்மா விழுந்துட்டா. அவளுக்குக் கால் வலிக்குது. அவ தனியா இருக்கா. எனக்குப் பயமா இருக்கு. நாலு வாக்கியமும் ஸ்பானிஷில், ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு வருட வகுப்பில் ஒரு தடவைகூட இப்படி வந்ததில்லை. அதைக் கவனிக்கும் நிலையில் அவள் அப்போது இல்லை.

செஞோரா நரம்புத் தளர்ச்சிக்குக் குடிக்கும் 'தீலா' என்ற பூ கஷாயத்தைப் போட்டு எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா என்ன வேலை செய்கிறார், எந்த மெஷின், கையால் சுற்றுவதா காலால் மிதிப்பதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காலால் மிதிப்பது என்றதும் பேச்சு நின்றது. இரண்டு பேருக்குமே புரிந்தது. ஒரு மாதம் தையல் கிடையாது. இரண்டரை மணி வாக்கில் எக்ஸ்ரே செய்தி வந்தது: கணுக்காலில் சின்னக் கீறல், ஆபரேஷன் வேண்டாம், மாவுக்கட்டு.

கிளம்பி வருகிறேன் என்றாள். டிக்கெட் தேதியை மாற்றுவதற்கு ஆகும் தொகையைப் பார்த்துவிட்டும் வருகிறேன் என்றாள். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "வளையல வெச்சது பாதியில திரும்பி வர்றதுக்கா? அக்கா சோறு குடுக்குறா. நீ முடிச்சிட்டு வா." அந்த மூன்று வாரமும் சேலையூர் வீட்டுக்குச் சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்து போனது. காலையில் பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போனதும் அதே அக்கா. மகள் இருந்திருக்க வேண்டிய இடம் அது என்பதை அவளும் மறைக்கவில்லை. சித்தப்பா வீட்டில் அதை இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள். சொல்லட்டும் என்கிறாள்.

அடுத்த நாள் முதல் வீடியோ காலில் இரண்டு அம்மாக்களும் சந்தித்தார்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்கு ஒரு சொல்கூடப் புரியாது. அது இரண்டு பேரையுமே தடுக்கவில்லை. செஞோரா தன் இடது கையைக் காட்டி, போன வருடம் தனக்கு என்ன உடைந்தது என்று விளக்கினார். "அவங்க பொம்மை உடைஞ்சுடுச்சாம்மா" என்று மொழிபெயர்த்தாள். "இந்த வயசுல பொம்மை வெச்சு வெளையாடுறாங்களா?" என்றார் அம்மா. 'முஞேகா' என்றால் பொம்மை. மணிக்கட்டுக்கும் அதே சொல்தான் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மூன்று பேரும் சிரித்ததில் மேல் வீட்டு அம்மா இறங்கி வந்துவிட்டார்.

திரும்பி வந்து டெல்லிக்குப் போய் 'டெலே' எனப்படும் சான்றிதழ்த் தேர்வை மூன்றாம் படிக்கு எழுதினாள். பல வாரம் கழித்து முடிவு வந்தது. அதில் 'ஆப்தோ' என்று ஒரே சொல்லாகப் போட்டிருப்பார்கள், தகுதி பெற்றவர் என்று அர்த்தம். மொழித்தொகை வர ஆரம்பித்துவிட்டது. வளையலில் இரண்டு வீட்டுக்கு வந்துவிட்டன, இரண்டு இன்னும் பேங்க்கில். அம்மா மெஷின் மிதிக்கிறார், மழை நாளில் மட்டும் கால் குடைகிறது. ஆங்கிலம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால், மீட்டிங்கில் யாராவது அவள் வாக்கியத்தை முடித்துவைக்க வந்தால், கையைக் காட்டி "ஒன் மினிட்" என்கிறாள். அந்த ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டு அவளே முடிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செஞோரா கூப்பிடுவார். அவளைக் கேட்பதற்கு முன் அம்மாவைக் கேட்பார். போன வாரம் செஞோரா வீட்டுக்குப் புது மாணவன் ஒருவன் வந்திருக்கிறானாம், கொரியாவிலிருந்து. நல்ல பையனாம், ஆனால் பருப்புக் குழம்பைத் தொடவே மாட்டேன் என்கிறானாம். அவள் மொழிபெயர்த்தாள்.

அம்மா காஜா எடுத்துக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தி, போனைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப என்னதான் சாப்பிடுறானாம் அந்தப் புள்ள?"